ஓதத்தைக் கணக்கில் கொள்ளாத கோப்புகள்: கண்டல் மரங்களின் தகவமைப்பும் இந்திய நிர்வாக வரலாறும்

கண்டல் மரங்களைப் பற்றி நம் பாடநூல்கள் வழக்கமாக மூன்று செய்திகளைத் தருகின்றன. அவை உப்பைத் தாங்கும். சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நீட்டும். விதையைத் தாய்மரத்திலேயே முளைக்கவிட்டு அதன்பின் உதிர்க்கும். மூன்றும் உண்மை. ஆயினும் இவற்றை மரத்தின் உடலுக்குள் அடங்கிய திறன்களாக மட்டும் படிக்கும்போது ஒன்று நழுவிவிடுகிறது. உப்புக்குப் பழகிய மரம் என்று கண்டலைச் சொல்வதைக் காட்டிலும், நாள்தோறும் ஏறி இறங்கும் நீருக்குப் பழகிய மரம் என்று சொல்வதே பொருத்தம். நீரின் அந்த ஏற்ற இறக்கம் நின்றுவிட்டால், மரம் இதுவரை தாங்கி நின்ற அதே உப்பு அம்மரத்தைக் கொன்றுவிடும்.

இது தாவரவியலாரின் கவலையல்லவா, வரலாற்று மாணவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் இந்தியக் கண்டல் காடுகளுக்கு நேர்ந்தவற்றில் பெரும்பகுதி, இந்த ஒரு வேறுபாட்டை நிர்வாகம் உணராததன் விளைவு என்பது என் வாதம். வருவாய்க் கோப்பு நிலத்தை எண்ணியது. வனக்கோப்பு மரத்தை எண்ணியது. இன்றைய நடவுத் திட்டக் கோப்பு கன்றுகளை எண்ணுகிறது. ஓதம் எந்தக் கோப்பிலும் எண்ணப்படவில்லை. பதிவு சற்று நீளமானது. சூழலியல் வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் விரிவாகவே எழுதுகிறேன்.

1

மத்தியதரைக் கடலில் ஓதத்தின் வீச்சு மிகக் குறைவு. அக்கடலோரத்தில் வளர்ந்த அலெக்சாந்தரின் வீரர்கள் கி.மு. 325இல் சிந்து நதியின் முகத்துவாரப் பகுதியை அடைந்தபோது, நீர் வற்றிக் கப்பல்கள் தரைதட்டி நின்றதையும், பின்னர் நீர் பெருகி வந்ததையும் கண்டு திகைத்தனர் என்று அர்ரியன் எழுதுகிறார். அங்கிருந்து நியார்க்கஸின் தலைமையில் கப்பற்படை பாரசீக வளைகுடாவை நோக்கிச் சென்றது. அந்தப் படையெடுப்பின் வழியாகக் கிரேக்கத்தை எட்டிய செய்திகளைத் தியோஃபிராஸ்டஸ் தம் தாவர நூலில் பயன்படுத்திக்கொண்டார். கார்மேனியக் கடற்கரையில் ஓதம் எட்டும் இடத்தில் மரங்கள் நிற்கின்றன. நடுப்பகுதி வரை கடல் அவற்றை அரித்திருக்கிறது. வேர்களே அவற்றைத் தாங்கி நிற்பதால் பார்வைக்குப் பலகாலிக் கடலுயிர்போலத் தோன்றுகின்றன என்பது அவர் தரும் சித்திரம். கூர்ந்த கவனிப்புத்தான். ஆனால் மரம் தானே வளர்த்துக்கொண்ட முட்டுவேர் அமைப்பு, கடல் அரித்ததால் நேர்ந்த சேதமாகவே அவர் நூலில் பதிவாகியிருக்கிறது. ஓதம் பழகாத கண்ணுக்கு அது அப்படித்தான் தெரிந்திருக்கும்.

ஓதத்தோடு வாழ்ந்தவர்களின் மொழி வேறுவிதமாக அமைந்தது. தமிழில் ஓதம், கழி, கானல், உவர், அளம் என்று கடலும் நிலமும் கலக்கும் இடத்துக்கும் அதன் இயக்கத்துக்கும் தனித்தனிச் சொற்கள் பழங்காலம் தொட்டே உள்ளன. நெய்தல் திணைப் பாடல்களில் கண்டல், தாழை, புன்னை, ஞாழல் ஆகியவை மீண்டும் மீண்டும் வருகின்றன. கண்டலை ஊரைச் சூழ்ந்த வேலியாகக் காட்டும் பாடல்கள் நற்றிணையில் உண்டு. இதைக் கொண்டு பண்டைத் தமிழர் கடலரிப்புத் தடுப்பு அறிவியலை அறிந்திருந்தனர் என்று முடிவுகட்டுவது மிகை. கண்டல் அவர்களுக்கு வாழிடத்தின் எல்லை. அன்றாடம் கண்ணில் படும் பொருள். அந்த அளவில் நிறுத்திக்கொள்வதே ஆய்வுக்கு நல்லது.

கண்டல் என்ற சொல் ஐரோப்பியத் தாவரவியலுக்குள் நுழைந்த வழி மலையாளக் கரையில் தொடங்குகிறது. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுத்த 'ஹோர்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் அறிவு அதற்கு அடித்தளமாக அமைந்தது என்பது அறியப்பட்ட செய்தி. அதன் ஆறாம் தொகுதியில் கண்டல் ஒரே மரமாக வரவில்லை. கண்டல், பீக்கண்டல், கரிக்கண்டல், செறுகண்டல் என வகைபிரித்து வருகிறது. கழியோர மக்கள் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்த பகுப்பையே அந்நூல் பெற்றுக்கொண்டது. லின்னேயஸ் 1753இல் ஒரு வகைக்குக் 'காண்டெல்' என்றே சிறப்புப் பெயர் சூட்டினார். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்நாட்டும் 1834இல் 'காண்டேலியா' என்பதைத் தனிப் பேரினமாக நிறுவினர். உலகெங்கும் வழங்கும் ஒரு பேரினப் பெயருக்குள் நம் கடற்கரைச் சொல் இன்றும் இருக்கிறது. பெயர் பயணப்பட்டதுபோல, அப்பெயரோடு இணைந்திருந்த இடஅறிவு பயணப்படவில்லை. மரத்தின் இலையும் பூவும் காயும் நூலுக்குள் வந்தன. அது நிற்கும் நீரின் ஒழுங்கு வெளியே நின்றுவிட்டது.

2

அந்த ஒழுங்கு மரத்துக்கு எதற்குத் தேவை என்பதை விளக்க இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்தை வெல்ல வேண்டும். கண்டல் மரம் எந்த எந்திரமும் இன்றி இதைச் செய்கிறது. இலைகளில் நீர் ஆவியாகும்போது மரத்தின் நீர்க்குழாய்களில் கடுமையான இழுவிசை உண்டாகிறது. அந்த இழுவிசை வேரின் சவ்வுகள் வழியே நீரை உள்ளிழுக்கிறது. உப்பு வெளியே நின்றுவிடுகிறது. பெர் ஸ்கொலாண்டரும் அவருடைய குழுவினரும் 1960களில் மரச்சாற்றின் அழுத்தத்தை அளந்து இதை நிறுவினர். சுரபுன்னை எனப்படும் ரைசோஃபோரா, கடல்நீர் உப்பில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் எனப்படும் அவிசென்னியா, உள்ளே நுழைந்த உப்பை இலைச்சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் அதன் இலையை விரலால் தடவினால் உப்புப் பொடி ஒட்டும். உப்பைச் சுரக்கும் இந்த இனங்களும் பெரும்பகுதியை முதலில் வேரில்தான் தடுக்கின்றன என்பதை மறக்கக்கூடாது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வேர் உள்ளே விடாமல் தடுத்த உப்பு எங்கே போகும்? அது வேரைச் சுற்றியுள்ள சேற்றிலேயே தேங்கும். மரம் நீரைக் குடிக்கக் குடிக்க, அதன் வேரடி மேலும் மேலும் உவர்க்கும். அந்த உப்பைக் கழுவிக் கொண்டுபோவது ஏறி வற்றும் ஓதமும், மழையும், ஆற்றின் நன்னீரும். நண்டுகள் தோண்டும் வளைகளுக்கும் இதில் பங்குண்டு. ஓதநீர் அவ்வளைகளுக்குள் புகுந்து வெளியேறும்போது சேற்றில் செறிந்த உப்பைக் கரைத்துக் கழிக்குச் சேர்க்கிறது. ஆக, உப்பை வெல்லும் ஏற்பாட்டில் ஒரு பாதி மட்டுமே மரத்துக்குள் இருக்கிறது. மறுபாதி மரத்துக்கு வெளியே, நீரின் இயக்கத்தில் இருக்கிறது.

மூச்சுவேரின் கதையும் இதுவே. நீரில் ஊறிய நுண்களிமண்ணில் ஆக்சிஜன் பரவுவது காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவானது. எனவே அவிசென்னியாவின் கிடைவேர்களிலிருந்து ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள் பென்சில்களைப்போல மேல்நோக்கி முளைக்கின்றன. அவற்றின் மேல்தோலில் உள்ள நுண்துளைகள் காற்றை உட்கொள்கின்றன. ஸ்கொலாண்டர் குழுவினர் 1955இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சுவாசம் ஓதத்தோடு எப்படி இணைகிறது என்பதைக் காட்டியது. நீர் ஏறி வேர்கள் மூழ்கியதும் உள்ளிருக்கும் ஆக்சிஜன் செலவாகிறது. உண்டாகும் கரியமில வாயு நீரில் கரைந்துவிடுவதால் வேருக்குள் அழுத்தம் குறைகிறது. நீர் வற்றித் துளைகள் வெளிப்பட்டவுடன் புதுக்காற்று உள்ளே பாய்கிறது. நுண்துளைகளை மசகிட்டு அடைத்தபோது வேரின் ஆக்சிஜன் அளவு வீழ்ந்தது. நீர் ஏறுவதும் இறங்குவதும் இம்மரத்துக்கு மூச்சு விடுவதும் வாங்குவதும் போல. நீர் இறங்காமல் தேங்கினால் மூச்சுவேர் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, தாய்மரத்தில் முளைக்கும் விதை. சுரபுன்னையின் முருங்கைக்காய் போன்ற நீண்ட நாற்று, விழுந்த இடத்தில் வேரூன்றலாம். அல்லது மிதந்து வேறிடம் சேரலாம். எங்கு சேர்ந்தாலும், அலை பிடுங்கிச் செல்லாத அளவுக்கு வேர்பிடிக்க அதற்கு நீர் ஏறாத சிறு கால இடைவெளி ஒன்று வேண்டும். கடலுக்கு மிக அருகில் அந்த இடைவெளி கிடைக்காது. மிக மேட்டில் நீரே வராது. மலேயாவில் பணியாற்றிய வன அலுவலர் ஜே. ஜி. வாட்சன் 1928இல் வெளியிட்ட நூலில், ஒரு நிலத்தின் மீது மாதத்துக்கு எத்தனை முறை ஓதம் ஏறுகிறது என்பதை வைத்து ஐந்து வகுப்புகளைப் பிரித்து, எந்த வகுப்பில் எந்த இனம் வளரும் என்று வரையறுத்தார். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஓதத்தை எண்ணி வனத்தை அறியும் முறை, வங்கக் கடலின் மறுகரையில், அதே பேரரசின் வனத்துறையில் 1928இலேயே அச்சில் இருந்தது.

3

இந்தியாவில் கண்டல் காட்டை முதலில் பெருமளவில் எதிர்கொண்டது வனத்துறை அன்று. சுந்தரவனத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் நிர்வாகம் அதை எதிர்கொண்டது. 1770களின் தொடக்கத்தில் கிளாட் ரஸ்ஸல் காட்டைத் திருத்துவோருக்கு நிலக்குத்தகை வழங்கத் தொடங்கினார். 1780களில் ஜெசூரின் நீதிபதியாக இருந்த டில்மன் ஹென்க்கெல் குடியானவர்களைக் குடியமர்த்தும் திட்டத்தை முன்வைத்தார். 1828ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குவிதி சுந்தரவனத்தை அரசின் சொத்தாக அறிவித்தது. அதையடுத்து டாம்பியரும் ஹாட்ஜஸும் காட்டின் எல்லையை அளந்து வரைந்த கோடு, இன்றும் சுந்தரவன நிலப்பகுதியின் எல்லையாக அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. அக்கோட்டுக்குத் தெற்கே இருந்ததெல்லாம் கோப்புகளில் தரிசு. திருத்தினால் நெல் விளையும், வரி வரும் என்பதே கணக்கு.

திருத்துவது எப்படி? காட்டை வெட்டி, தீவைச் சுற்றி மண்கரை எழுப்பி, ஓதநீரை உள்ளே வரவிடாமல் தடுத்து, மழைநீரால் உப்பைக் கழுவி, நெல் விதைப்பது. நெல்லுக்கு ஓதம் பகை. ஆகவே தடுப்பு அவசியம். ஆனால் அந்த ஓதம் உப்பை மட்டும் கொண்டுவரவில்லை, வண்டலையும் கொண்டுவந்தது. கண்டலின் வேர்க்காடு நீரின் வேகத்தைத் தணித்து வண்டலைப் படியவைத்து, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நிலத்தை உயர்த்திக்கொண்டிருந்தது. டெல்டா இன்னும் கட்டி முடிக்கப்படாத நிலம். அது போதிய உயரம் பெறும் முன்பே கரைகட்டி நீரைத் தடுத்ததால், உள்ளே நிலம் உயராமல் நின்றது. வெளியே வண்டல் ஆற்றுப் படுகைகளிலேயே படிந்து படுகை மேடிட்டது. இன்று இந்தியச் சுந்தரவனத்தின் 102 தீவுகளில் மக்கள் வாழும் 54 தீவுகளை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள மண்கரைகள் காத்து நிற்கின்றன. அவற்றுக்குள் பல இடங்களில் வீடும் வயலும் உச்ச ஓத மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. 2009 மே மாதம் அய்லா புயலில் கரைகள் உடைந்து உப்புநீர் வயல்களில் தேங்கியபோது தெரியவந்தது, அந்த ஒரு புயலின் விளைவு மட்டுமன்று; நெடுங்காலம் நிலத்துக்கு மறுக்கப்பட்ட வண்டலின் கணக்குமாகும்.

எச்சரித்தவர் இல்லாமலில்லை. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், சுழற்காற்றுக்கு 'சைக்ளோன்' என்ற சொல்லை ஆக்கியவர். ஹூக்ளிக்கு மாற்றாக மாத்லா ஆற்றின் மீது புதிய துறைமுகம் அமைக்கத் திட்டமிட்டபோது, அந்த இடம் புயலலைக்கு நேர் எதிரே கிடக்கிறது என்று 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு முகவரியிட்ட வெளியீடு ஒன்றில் எச்சரித்தார். எச்சரிக்கை ஏற்கப்படவில்லை. துறைமுகம் எழுந்தது, தொடர்வண்டிப் பாதையும் வந்தது, கேனிங் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. 1867 நவம்பர் முதல் நாள் வீசிய புயலில் அலை நகருக்குள் புகுந்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. பிடிங்டன் 1858இலேயே மறைந்துவிட்டார்.

1875-76இல் சுந்தரவனத்தின் ஒரு பகுதி ஒதுக்குக்காடாக அறிவிக்கப்பட்டதற்கு வேறு காரணம் இருந்தது. படகுக்கும் வீட்டுக்கும் எரிக்கவும் சுந்தரி மரம் கல்கத்தாவுக்குத் தேவைப்பட்டது. காடு முழுவதும் வயலானால் மரம் எங்கிருந்து வரும் என்ற கவலை காட்டின் ஒரு பகுதியைக் காத்தது. ஆனால் சுந்தரி, கண்டல் இனங்களுள் நன்னீரை அதிகம் வேண்டுவது. மேற்குப் பகுதியின் ஆறுகள் கங்கையோடு கொண்டிருந்த மேல்தொடர்பை இழந்து வந்த நிலையில், மரத்தை மட்டும் ஒதுக்கிக் காப்பது போதவில்லை. சுந்தரியின் பெயரைத் தாங்கியது என்று பலரும் கருதும் காட்டின் இந்தியப் பகுதியில் இன்று சுந்தரி அருகிப்போன மரம்.

4

வருவாய்த்துறைக்கு மரம் இடையூறு. வனத்துறைக்கு மரம் விளைச்சல். இந்த இரண்டாவது பார்வையின் விளைவை வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சிதம்பரத்தை அடுத்துள்ள பிச்சாவரத்தில் தெளிவாகக் காணலாம். பரப்பில் சிறிய காடு, சுமார் 1,100 ஹெக்டேர். ஆனால் இந்தியக் கண்டல் ஆய்வில் அதற்குப் பெரிய இடம் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970கள் வரை, பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களிலும் கண்டல் காடுகள் கூப்பு முறையில் வெட்டப்பட்டன. காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூப்பு என்று முழுவதுமாக வெட்டி, 20 முதல் 30 ஆண்டுகளில் அதே கூப்புக்குத் திரும்பி வருவது இம்முறை. வெட்டிய இடம் அதற்குள் மீண்டும் காடாகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. மலைக்காடுகளில் பயின்ற முறை கழிமுகத்துக்கும் அப்படியே வந்தது.

வெட்டிய கூப்புகள் பல மீண்டும் காடாகவில்லை. ஏன் என்ற கேள்விக்கு வனக்கோப்புகள் தந்த வழக்கமான விடை ஒன்றுதான்: ஊரார் மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள். எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தினர் 1990களில் பிச்சாவரத்தில் மேற்கொண்ட ஆய்வு வேறு விடையைக் கண்டது. நிழல் அகன்றதும் களிமண்ணில் இருந்த நீர் வெயிலில் ஆவியானது. நீரை இழந்த களிமண் சுருங்கித் தாழ்ந்தது. காட்டின் நடுவே தொட்டி போன்ற பள்ளங்கள் உண்டாயின. பெருக்கில் புகுந்த ஓதநீர் வற்றும்போது வெளியேற வழியின்றி அப்பள்ளங்களில் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் எஞ்சியது. ஆண்டுக்கு ஆண்டு அது செறிந்து, மண்ணின் உவர் கடல்நீரின் உவரைக் கடந்தது. உப்பு தாங்கும் மரம் என்று பெயர்பெற்ற மரமே அங்கே முளைக்க முடியாமல் போனது. மேட்டூர் அணை 1934இல் கட்டப்பட்ட பிறகு காவிரியின் கடைமடைக்கு வந்த நன்னீர் குறைந்ததும் இதற்குத் துணைசெய்தது.

கண்டறிந்த காரணம் மாறியதால் மருந்தும் மாறியது. முள்வேலியும் தண்டத்தொகையும் இதற்கு விடையாக முடியாது; நீருக்கு வழி வேண்டும். இயற்கையான கழியிலிருந்து தாழ்ந்த நிலத்துக்கு முதன்மை வாய்க்கால் ஒன்றும், அதன் இருபுறமும் மீன்முள் வடிவில் கிளை வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியது, உப்பு கழுவப்பட்டது, நட்ட அவிசென்னியா கன்றுகள் நிலைத்தன. ஊர்மக்களும் வனத்துறையும் சேர்ந்து மேலாண்மை செய்யும் முறை இதனோடு இணைந்தது. பின்னர் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களிலும் இதே வழி பின்பற்றப்பட்டது. நெடுங்காலம் கோப்புகளில் குற்றவாளிகளாக எழுதப்பட்டிருந்த மக்களே அந்த வாய்க்கால்களை வெட்டவும் தூர்வாரவும் முன்நின்றனர் என்பதைச் சமூக வரலாற்றாளர் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். மலேயாவின் மாத்தாங் காட்டிலும் முப்பதாண்டுச் சுழற்சியில் கூப்பு வெட்டுதான் நடந்தது, இன்றும் நடக்கிறது. அங்கே காடு ஏன் அழியவில்லை? மறுப்பு நியாயமானது. அதுவே வாதத்துக்கு வலுவும் சேர்க்கிறது. மாத்தாங்கில் ஓதவீச்சு பெரிது. மழை ஆண்டு முழுவதும் பெய்கிறது. வெட்டிய நிலத்தையும் நீர் கழுவிக்கொண்டே இருக்கிறது. காவிரிக் கழிமுகத்தில் ஓதவீச்சு ஒரு மீட்டருக்கும் குறைவு, கோடை நீண்டது, முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபடுவதும் உண்டு. ஒரே முறை இரு கரைகளிலும் கையாளப்பட்டது. ஒரு கரையில் ஓதம் அம்முறையின் பிழையைப் பொறுத்துக்கொண்டது, மறுகரையில் அதற்கு அந்த வலிமை இல்லை. எனவே வெட்டியதா வெட்டாததா என்று மட்டும் கேட்கும் சூழலியல் வரலாறு போதாது. எந்த ஓதத்தில் வெட்டப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும். வாட்சனின் நூல் 1928இல் வெளிவந்த பின்னரும் இந்தக் கேள்வி நம் கூப்புத் திட்டங்களின் போக்கை மாற்றவில்லை.

5

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலும், 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையும் கண்டல் காட்டுக்குப் புதிய பெயர் ஒன்றைத் தந்தன: உயிர்வேலி. ஒடிசாவில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தனர் என்பது அரசுக் கணக்கு. கேந்திரபாடா மாவட்டத்தின் நானூறுக்கும் மேற்பட்ட ஊர்களை ஆராய்ந்து சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்ட்டும் 2009இல் வெளியிட்ட கட்டுரை, ஊருக்கும் கடலுக்கும் இடையே அகலமான கண்டல் காடு இருந்த இடங்களில் இறப்பு குறைந்திருந்ததைப் புள்ளியியல் முறையில் காட்டியது. அதே கட்டுரை, முன்னெச்சரிக்கை காத்த உயிர்கள் கண்டல் காத்தவற்றைவிட அதிகம் என்பதையும் மறைக்காமல் சொன்னது. ஆழிப்பேரலையின்போது பிச்சாவரம் பகுதியில் கண்டல் காத்தது என்ற ஆய்வுகளுக்கு, கடலிலிருந்து ஊரின் தொலைவும் நில உயரமுமே முதன்மைக் காரணங்கள் என்ற மறுப்பும் ஆய்விதழ்களில் எழுந்தது. விவாதம் நடந்தது ஆய்வுலகில். கொள்கையுலகில் எஞ்சியது ஒரே வாசகம்: கண்டல் நடுங்கள்.

நடுவது நல்லதே. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டின் கண்டல் பரப்பு ஏறத்தாழ 4,992 சதுர கிலோமீட்டர். 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட மிஷ்தி திட்டம் ஐந்தாண்டுகளில் சுமார் 540 சதுர கிலோமீட்டர் பரப்பில் கண்டலை வளர்க்கவும் மீட்கவும் இலக்கு வைக்கிறது. இலக்கு பரப்பிலும் கன்றுகளின் எண்ணிக்கையிலும் அளக்கப்படும்போது, நடுவதற்கு எளிதான இடமே தேர்வாகும். அது பெரும்பாலும் உரிமைச் சிக்கல் இல்லாத, கடலுக்கு நெருங்கிய வெறும் சேற்றுத்திட்டு. அங்கே கண்டல் இயல்பாக ஏன் முளைக்கவில்லை என்ற கேள்விக்கு ஓதமே விடை வைத்திருக்கும். நீர் நெடுநேரம் மூழ்கடிக்கும் இடத்தில் கன்றுக்கு வேர்பிடிக்க இடைவெளி கிடையாது, மூச்சுவேருக்கு மூச்சு கிடையாது. மறுபுறம், கண்டல் இயல்பாக வளரக்கூடிய மட்டத்தில் உள்ள நிலமோ இறால் பண்ணைக்கும் உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் சாலைக்கும் ஏற்கெனவே போய்விட்டது. அங்கே கரையை உடைத்து ஓதத்தை உள்ளே விட்டால், பல இடங்களில் விதை தானே வந்து சேரும். ஆனால் கரையை உடைப்பது நில உரிமையைத் தொடும் செயல். கன்று நடுவது ஒரு விழாவோடு முடிந்துவிடும்.

ஆகவே தகவமைப்பு என்ற சொல்லையே நாம் சற்றுக் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. எதையும் தாங்கும் மரம் என்ற பொருளில் அதைப் பயன்படுத்தும்போது, எங்கு வேண்டுமானாலும் நடலாம், எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம் என்ற அனுமதியையும் அதற்குள் வைத்துவிடுகிறோம். கண்டலின் தகவமைப்பு வியப்புக்குரியது. அதே அளவுக்கு நிபந்தனைக்கு உட்பட்டதும்கூட. அந்த நிபந்தனையை மரத்தின் இலையிலும் வேரிலும் மட்டும் தேடினால் கிடைக்காது. கழியின் ஆழம், முகத்துவாரத்தின் நிலை, மேல்மடை அணையின் கதவு, கரைகளின் உயரம் ஆகியவற்றிலும் தேட வேண்டும்.

இத்துறையில் ஆய்வைத் தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆவணக் காப்பகத்தில் கண்டலைத் தேடுவோர் பெரும்பாலும் வனத்துறைக் கோப்புகளோடு நின்றுவிடுகிறோம். அதே ஆண்டுகளின் பொதுப்பணித்துறைக் கோப்புகளையும், துறைமுக ஓத அட்டவணைகளையும், பாசனப் பதிவுகளையும், உப்பு இலாகாவின் ஆவணங்களையும் அருகில் வைத்துப் படியுங்கள். கழியோர மீனவர்களிடம் வாய்க்கால்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த வாய்க்கால் எந்த ஆண்டில் தூர்ந்தது, எந்த முகத்துவாரம் எப்போது அடைந்தது, அதற்கு முன் அங்கே எந்த மரம் நின்றது என்ற செய்திகள் அவர்கள் நினைவில் இன்னும் இருக்கின்றன. ஒரு கூப்பு ஏன் மீளவில்லை என்பதற்கு வனக்கோப்பு எழுதிவைத்த காரணத்தை, அந்த வாய்க்காலின் வரலாறு மறுக்கக்கூடும்.